இடது காலுக்கு அரை இஞ்ச் கூடுதல்

போன வாரம் சோறு தின்றுகொண்டிருக்கும்போது சின்னவளே, நீ ஒரு கேள்வி கேட்டாய். "போன்ல ஓசியிலயே பேஜ் போடலாமேப்பா, அப்புறம் எதுக்கு வருசா வருசம் ஒரு பேருக்குப் போயி காசு கட்டுறீங்க?" பெரியவள் பக்கத்தில் இருந்து சிரித்தாள். அவளுக்குப் பாதிக் கதை தெரியும். மீதி உங்கள் அம்மாவுக்குத் தெரியும். ஆனால் அவள் சொல்ல ஆரம்பித்தால் கதை கால்வாசியும் என்னைப் பற்றிய கேலி முக்கால்வாசியுமாக இருக்கும். அதனால் நானே எழுதிவிடுகிறேன். பத்தாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் பெரியவள் திருத்தட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

நம் கடையில் தைப்பது அட்டை உறை. டவுன்காரர்கள் லீச் சாக்ஸ் என்பார்கள். நெருக்கமாக நெய்த காடாத் துணியில், பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் ஒரே பையாகத் தைத்து, மேலே நாடா போட்டு இறுக்கிக் கட்டுவது. அதை மாட்டிக்கொண்டு அதன்மேல் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டால், அட்டை எவ்வளவு ஏறினாலும் துணியின் மேலேயே சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கிப் போகவேண்டியதுதான். மழை பிடித்துவிட்டால் இந்த இடுக்கி மலையில், நம் ஏலப்பாறையில் மனிதர்களைவிட அட்டைகளுக்குத்தான் சுறுசுறுப்பு அதிகம். ஆரம்பத்தில் போடிமெட்டுப் பக்கம் ஏலக்காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் தைத்தேன். பிறகு மழையில் மலை ஏறுவதைச் சந்தோஷம் என்று நினைக்கிற ஆட்கள் வெளியூரிலிருந்து கேட்க ஆரம்பித்தார்கள். ஆளுக்கு ஆள் அளவு வாங்கி, கெண்டைக்காலுக்குச் சரியாக வெட்டித் தைத்துக் கொடுப்பதுதான் நம் வேலையின் விசேஷம். ஒல்லிக்காலுக்கும் உரல்காலுக்கும் ஒரே அளவு நம் கடையில் கிடையாது.

வெளியூர் ஆர்டரெல்லாம் வந்தது உங்கள் மாமா போனில் ஆரம்பித்துக் கொடுத்த பேஜ் வழியாக. ஒரு ரூபாய் செலவில்லை. படம் போட்டால் போதும், ஆள் வந்து கேட்பார்கள். எனக்கு அது அதிசயமாகவே இருந்தது. கடையில் ஒரு மெஷின் இரண்டாகி, இரண்டாவது மெஷினில் உட்காரப் பெரியம்மா வந்தார்கள். நமக்குச் சொந்தமில்லை, நீங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிறீர்கள் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களை நான்தான் கூப்பிட்டேன். "அக்கா, இந்த மழை முடியுற வரைக்கும் தையல் உண்டு. நான் வாக்குத் தாரேன்" என்றேன். அவர்கள் என் வாக்கை நம்பி கங்காணியிடம் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார்கள்.

அந்த வாக்குக்குப் பின்னால் நின்றது ஒரே ஒரு ஆர்டர். பாலக்காட்டில் ஒரு நடைக் கோஷ்டி. ஆபீஸ் போகிறவர்களும் ஓய்வு பெற்றவர்களுமாக நூற்றிருபது பேர், ஜூன் மழையில் நெல்லியாம்பதி மலையில் நடக்கப் போகிறார்கள். அவர்களில் ஒருவர் எனக்கு எழுதிக்கொண்டே இருந்தார். நானும் "சரி சார்", "ஆகட்டும் சார்" என்று பதில் போட்டுக்கொண்டே இருந்தேன். பெயர் இருந்த இடத்தில் வெறும் ஆங்கில எழுத்து மூன்று, படம் இருந்த இடத்தில் ஒரு மயில். நூற்றிருபது பேரின் கால் அளவையும் அனுப்பினார். பாதம், கணுக்கால், கெண்டைக்கால், உயரம். ஒருவருக்கு மட்டும் ஒரு குறிப்பு: இடது காலில் பழைய அடி, அரை இஞ்ச் கூடுதல் வேண்டும்.

நான் அவ்வளவையும் ஒரு பெரிய அட்டைத்தாளில் எழுதி மெஷினுக்கு எதிரே சுவரில் ஒட்டினேன். நூற்றிருபது பேர் கால், ஒன்றுகூட விடவில்லை. அவருடைய போன் நம்பரை மட்டும் எழுதவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் எங்கள் தொழில் பழக்கம் அப்படி. ஏலப்பாறையில் அளவு கொடுக்க வருகிறவன் யார், யார் மகன், எந்த லயத்தில் வீடு என்பது எனக்குத் தெரியும். நோட்டில் அளவை எழுதுவேன், பெயரை எழுதியதே கிடையாது. இருபது வருடப் பழக்கம். நம்பர்தான் பேஜுக்கு வந்த கடிதங்களில் பத்திரமாக இருக்கிறதே என்றும் ஒரு நினைப்பு.

இனிமேல் வருவது உங்கள் மாமாவின் கால்.

மே மாதக் கடைசியில் கோடைமழை நாலு நாள் தொடர்ந்து பெய்தது. மாமா கடைக்கு வந்து, "அத்தான், ஒரு யோசனை. ஒரு கால்ல நம்ம உறை, இன்னொரு கால் வெறுங்காலு. ஏலக்காட்டுக்குள்ள பத்து நிமிசம் நிக்கேன். ரெண்டு காலையும் படம் எடுத்துப் போடுவோம். இதுக்கு மேல ஒரு விளம்பரம் உண்டா, சொல்லுங்க" என்றார்.

எனக்கு அது உலகத்திலேயே நல்ல யோசனையாகத் தெரிந்தது. போனோம். பத்து நிமிடம் என்றவர் உற்சாகத்தில் இருபது நிமிடம் நின்றார். உறை போட்ட கால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. வெறுங்காலில் பதினோரு அட்டை. உப்பைத் தூவிப் பிடுங்கிப் போட்டதும், உங்களுக்குத்தான் தெரியுமே, அட்டை போன பிறகும் ரத்தம் நிற்காது, முழங்காலிலிருந்து கோடு கோடாக இறங்கியது. நல்ல வெளிச்சம். படம் தெளிவாக விழுந்தது. போட்டுவிட்டோம்.

உங்கள் அம்மா பார்த்துவிட்டு, "எந் தம்பி ரத்தத்தை ஊத்தித்தான் கடை நடத்தணுமாக்கும்?" என்றாள். மற்றபடி மலையில் ஒருவருக்கும் அது ரத்தமாகத் தோன்றவில்லை. காந்தலூரிலிருந்து ஒருவர், "பதினொண்ணுதானா? எங்க பூண்டுத் தோட்டத்துக்கு வாங்க, முப்பது தாரோம்" என்று எழுதினார். இன்னொருவர், "மாப்பிள கால்ல முடியே இல்லயே" என்று கவலைப்பட்டார்.

ஆனால் அந்தப் பேஜை நடத்துகிற கம்பெனி மலையில் இல்லை. அது எங்கே இருக்கிறதென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மறுநாள் காலை ஒரு அறிவிப்பு வந்தது. மாமா படித்துச் சொன்னார். "அத்தான், நாம வன்முறையைப் பரப்புறோமாம்."

"யாரு?"

"நாமதான். உங்க கடையும் எங் காலும்."

விளக்கம் கொடுக்க ஒரு கட்டம் இருந்தது. நான் உட்கார்ந்து ஒழுங்காக எழுதினேன். 'ஐயா, படத்தில் இருப்பது ரத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் சண்டை எதுவும் நடக்கவில்லை. கடித்தது அட்டை. கடிபட்டவர் என் மைத்துனர், அவர் சம்மதத்தோடுதான் கடிபட்டார். நலமாக இருக்கிறார். வேண்டுமானால் உங்களுக்கும் ஒரு ஜோடி அனுப்புகிறேன், கால் அளவு தெரிவிக்கவும்.' இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன மரியாதையாக எழுத முடியும்? சாட்சிக்கு இருக்கட்டும் என்று இன்னொரு படமும் சேர்த்தேன். அட்டை காலில் ஒட்டிக்கொண்டிருக்கிற படம், கிட்டத்தில் எடுத்தது. அதிலும் ரத்தம்.

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. ஒரு மனிதர் படித்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடித்திருக்க மாட்டார். பேஜ் நிரந்தரமாகப் போயிற்று. அதோடு நாலு வருடப் படங்கள் போயின, கேட்டவர்களின் கடிதங்கள் போயின, மயில் படமும் போயிற்று.

கோட்டயம் காலேஜ் ஹாஸ்டலிலிருந்த பெரியவளுக்குப் போன் போட்டேன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு என் குரலைக் கேட்டு நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அப்பா, அந்தப் பேஜ் நம்மளோடது இல்லப்பா. அவங்க இடம். இருக்க விட்டாங்க, இருந்தோம். எறங்குன்னா எறங்கணும்."

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. நான் எஸ்டேட் லயத்தில் பிறந்தவன். வரிசையாகக் கட்டிய அந்தக் கம்பெனி வீட்டுக்கு என் அப்பா சொந்தச் செலவில் சுண்ணாம்பு அடித்தார், பின்பக்கம் சௌசௌக் கொடி ஏற்றினார், வாசலில் படி கட்டினார். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த அன்றைக்குச் சாவியைக் கேட்டார்கள். கொடுத்துவிட்டோம். கொடியில் அந்த வாரம்தான் காய் பிடித்திருந்தது. இதையெல்லாம் தெரிந்த நானே, இன்னொருவர் லயத்தில் கடை வைத்து நாலு வருடம் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன்.

சரி, அழுது என்ன செய்ய? மேசையில் நூற்றிருபது ஜோடிக்கும் துணி வெட்டி அடுக்கியாயிற்று. எல்லாம் ஆளுக்கு ஆள் அளவு. இன்னொருவர் காலில் ஏறாது. வாங்கவேண்டியவர் யார் என்று மட்டும் தெரியாது. பெரியம்மா மெஷினை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

"தம்பி, காலு மட்டும் இருக்கு. ஆளைக் காணோம். அப்படித்தான?"

"ஆமாக்கா."

"நான் திரும்பிப் போனா கங்காணி என்னத்தைச் சொல்லும் தெரியுமா? 'தையல் ராணி எறங்கி வந்துருக்காகப்பா'ன்னு சொல்லும். அதுக்கு நான் அட்டைக் கடியே தாங்கிக்கிடுவேன்."

அவர்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். ஆனால் எஸ்டேட்டிலிருந்து கூப்பிட்டு வந்தவன் நான். யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. பார்சல் எங்கே அனுப்ப என்று கேட்டபோது அந்த மயில்படக்காரர் எழுதியிருந்தார்: கல்பாத்தி, தேர் நிற்கும் இடத்துக்கு எதிர்வீடு, யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். அது போதுமே! ஒரு ஊர், ஒரு தேர், அதற்கு எதிரே ஒரு வீடு. அளவுத்தாளைச் சுவரிலிருந்து பிரித்துச் சுருட்டி, தைத்த ஒரு ஜோடி உறையும் எடுத்துக்கொண்டு கோட்டயத்துக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ரயிலில் பாலக்காடு போய்ச் சேர்ந்தேன்.

கல்பாத்தியில் நான் முதலில் நிறுத்தியது ஸ்கூட்டரில் வந்த ஒரு பெரியவரை. "சார், தேர் நிக்கிற எடம் எது?"

"எந்தத் தேர்?"

"இங்க... தேருங்க."

"நன்னாருக்கே! கல்பாத்திக்கு வந்து தேர்னு சொன்னா எப்படி ஓய்? ஒவ்வொரு கோவிலுக்கும் ஒரு தேர் ஆக்கும். எதுக்கு முன்னாடி இருக்கற ஆத்துக்குப் போகணும் உமக்கு?"

மலையிலிருந்து வந்தவனுக்கு இது தெரியுமா? ஒரு ஊருக்கு ஒரு தேர் என்று நினைத்துவிட்டேன். "அது தெரியாதுங்க" என்றேன்.

"சரி, அவா பேர் என்ன?"

"தெரியாதுங்க."

"ஃபோன் நம்பர்?"

"அதும் இல்லைங்க."

அவர் ஸ்கூட்டரை அணைத்து ஸ்டாண்டு போட்டார். ஆர்வம் வந்துவிட்டது. "பின்னே அவாளைப் பத்தி என்னதான் தெரியும்?"

"கால் அளவு தெரியும்ங்க" என்று அளவுத்தாளை விரித்தேன். "ஒருத்தர் காலு இல்ல. நூத்திருபது பேர் காலு."

பக்கத்துக் காப்பித்தூள் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள் நின்றார். தாளில் அந்த அரை இஞ்ச் குறிப்பைப் படித்துவிட்ட ஸ்கூட்டர்காரரே, என்ன விஷயம் என்று எனக்குப் பதிலாகச் சொல்ல ஆரம்பித்தார். "இவர் இடுக்கிலேர்ந்து வரார். யாரோ ஒருத்தரோட இடது காலைத் தேடறார்." அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. காப்பித்தூள் கடைக்காரர் தன் இடது காலை நீட்டி, "எனக்கும் சித்தெ வீக்கம் உண்டு. ஆனா நான் மாடிப்படியே ஏறமாட்டேன்" என்றார். இன்னொருவர் நான் உறை விற்க வந்த வியாபாரி, இது ஒரு புதுவிதமான தந்திரம் என்று தீர்மானித்து, "வேண்டாம்பா, எங்காத்துல அட்டையே கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தத் தெருவில் யாருக்குக் காலில் அடிபட்டது, எப்போது, எந்த டாக்டர் என்று ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. மூன்று இடது கால்கள் தேறின. அதில் ஒருவர் இப்போது அமெரிக்காவில் இருக்கிறாராம்.

அப்போது ஆபீஸ் முடிந்து, கையில் காய்கறிப் பையும் காலில் விளையாட்டு ஷூவுமாக ஒரு அம்மாள் வந்தார். கூட்டத்தைப் பார்த்து நின்றார். ஸ்கூட்டர்காரர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அரை இஞ்ச் கூடுதல் என்ற இடத்துக்கு வந்ததும் அந்த அம்மாள் பையைக் கீழே வைத்தார்.

"அது என் காலாக்கும்" என்றார்.

நான் கும்பிட்டேன். அவ்வளவு சந்தோஷம். "மேடம், நீங்கதான் அந்த மயில் படமா?"

"ஓ, 'சார் சார்'னு ரெண்டு மாசமா எழுதினவர் நீங்கதானா? திருத்தணும்னு நெனச்சுண்டே இருந்தேன். அதுக்குள்ள கடையவே காணலை."

எல்லாவற்றையும் சொன்னேன். மாமாவின் காலிலிருந்து கம்பெனியின் ஒரு நிமிடப் பதில் வரை. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"சிரிச்சாச்சு. ஆனா நான் சொல்றதையும் கேளுங்கோ. ஞாயித்துக்கிழமை இருந்தேள், திங்கக்கிழமை இல்லை. எங்க கோஷ்டில அத்தனை பேரும் 'ஏலப்பாறைக்காரன் ஏமாத்திட்டு முங்கிட்டான்'னு சொன்னா. நான் ஒருத்திதான் 'இல்லை, இவ்வளவு நன்னா அளவு கேட்டவர் முங்க மாட்டார்'னு சொல்லிண்டிருந்தேன். ரெண்டு நாள் தேடினேன். தேடறதுக்கு என்ன இருக்கு? உங்க பேரே நேக்குத் தெரியாது. கடைசில பாதிப் பேர் வேற எடத்துல வாங்கியாச்சு. அறுபது ஜோடிதான் இனி வேணும்."

நூற்றிருபது என்று வந்தவன் அறுபதோடு நின்றேன். சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா தெரியவில்லை.

"கடைன்னா ஒரு விலாசம் வேண்டாமோ?" என்றார்.

"இருக்குங்க மேடம். ஏலப்பாறை பஜாரு, மாடியில..."

"அது பஸ் ஏறி வரவாளுக்கு. ஃபோன்ல தேடறவாளுக்கு எங்கே விலாசம்? எங்க ஆபீஸ் வாசல்ல முறுக்கு விக்கற பொண்ணுக்கு சொந்தமா ஒரு டொமைன் இருக்கு, தெரியுமோ? முதல்ல அவ ஒரு எடத்துல பேஜ் வெச்சிருந்தா, அப்புறம் அதை விட்டு வேற எடத்துக்குப் போனா, இப்போ சொந்தமா வெப்சைட். எங்களுக்கு அதொண்ணும் தெரியாது. நாங்க அதே பேரைத்தான் அடிக்கறோம், அதே முறுக்குதான் வரது. பேர் அவளோடது. பின்னாடி எங்க வேணும்னாலும் குடி மாத்திக்கலாம்."

இந்த ஒரு விஷயத்தை எனக்கு அதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. வெப்சைட் என்றால் பெரிய கம்பெனிக்காரர்கள் கோட்டு போட்டுக்கொண்டு வைப்பது என்று நினைத்திருந்தேன். முறுக்குக்கே உண்டென்றால் அட்டைக்கு ஏன் கூடாது?

திரும்பி வந்து பெரியம்மாவிடம் சொன்னேன். அவர்கள் வெட்டிய துணிகளை இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்துவிட்டு, "பாதிக் காலு கெடைச்சுது. மீதிப் பாதிக்கு எந்த ஊருக்குத் தம்பி போகப் போறீக?" என்றார்கள். நான் விரலை மடித்துக் கணக்குப் போட்டேன். அறுபது ஜோடி பத்து நாள் வேலை. மழை மூன்று மாதம். நான் கொடுத்தது மூன்று மாத வாக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவள் ஹாஸ்டலிலிருந்து வந்தாள். டொமைன் வாங்க வேண்டும் என்றேன். பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர் அதற்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். "சேட்டன் ஒண்ணும் அலட்டிக்க வேண்டாம். என் பேர்லயே எடுத்து நானே பாத்துக்கிடுதேன்." நல்ல மனிதர்தான். எனக்கும் வேலை மிச்சம் என்று தோன்றியது. பெரியவள் விடவில்லை.

"அப்பா, நெலத்துக்கு ஆதாரப் பத்திரம் யாரு பேர்ல இருக்கோ அவங்கதான் சொந்தக்காரங்க. நாளைக்கு அந்தக் கம்ப்யூட்டர்கார மாமா கடையைக் காலி பண்ணிட்டு கல்ஃபுக்குப் போயிட்டா? மறுபடியும் தேர் தேராத் தேடுவீங்களா?"

அதனால் என் பெயரில், என் போன் நம்பரில், என் மெயிலில்தான் எடுத்தோம். ஆனால் எந்தப் பெயரை எடுப்பது? நான் ஒரு பெயர் எழுதி வைத்திருந்தேன். அதில் குலசாமி இருந்தது, உங்கள் இரண்டு பேர் பெயரும் இருந்தது, உங்கள் அம்மாவின் பெயரில் பாதி இருந்தது, கடைசியில் தையலகம் என்றும் இருந்தது. ஒருவர் மனமும் நோகக்கூடாது பாருங்கள். பெரியவள் அதைப் படித்துவிட்டு, "சரிப்பா, ஒரு பரீட்சை வைப்போம். பஸ்ல போற ஆளு கேட்டா இதைச் சொல்ல முடியுதான்னு பாருங்க" என்றாள்.

மாமா குமளி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கடை வாசலில் நின்றேன். பஸ் கிளம்பும்போது மாமா, "ஏங்க, உங்க கடைப் பேரு என்ன?" என்று கத்தவேண்டும், நான் பதில் சொல்லவேண்டும். சொன்னேன். குலசாமி முடிந்து சின்னவளுக்கு வந்தபோதே பஸ் வளைவில் திரும்பிவிட்டது. நான் விடாமல் தையலகம் வரை சொல்லி முடித்தேன். பஜாரே பார்த்துக்கொண்டிருந்தது. மாடி ஜன்னலிலிருந்து பெரியம்மா, "தம்பி, பஸ்ஸு போயிருச்சு. பேரு இன்னும் வந்துகிட்டிருக்கு" என்றார்கள். பாவம் மாமா, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி மழையில் நடந்து வந்தார்.

பிறகுதான் அட்டையையும் ஊரையும் மட்டும் சேர்த்து, ஒரே மூச்சில் சொல்லும்படி இப்போதைய பெயரை எடுத்தோம். உங்கள் அம்மாவுக்குக் கடை பெயரில் அட்டை வருவது பிடிக்கவில்லை. "ஏங்க, கல்யாணப் பத்திரிகையில இதைப் போட முடியுமா?" என்றாள். இன்றைக்கும் அந்த வருத்தம் அவளுக்கு உண்டு.

பெயர் கிடைத்ததும் பெரியவள் அதற்குள் ஒரே ஒரு பக்கம் போட்டுத் தந்தாள். என்ன தைக்கிறோம், கால் அளவு எப்படி எடுப்பது, போன் நம்பர், எழுதுவதற்கு ஒரு கட்டம். அளவு எழுதுகிறவர் பெயரும் நம்பரும் எழுதாமல் அனுப்ப முடியாது. அதை எனக்காகவே வைத்தாள். ரத்தப் படம் கிடையாது. சின்னவளே, நீ வரைந்த அட்டைதான். அதற்கு நீ கண்மை போட்டிருக்கிறாய், பரவாயில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன் சின்னவளே. ஓசிப் பேஜ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாமா புதிதாக ஒன்று நடத்துகிறார், அதிலும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் அது திருவிழாவில் அடுத்தவன் மதிலில் ஒட்டிய நோட்டீஸ். கிழித்தால் கேட்க முடியாது. நோட்டீஸைப் பார்த்தவன் வந்து சேர நமக்கென்று ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலுக்குத்தான் வருடா வருடம் கட்டுகிறோம். கட்ட மறந்தால் பெயர் கையைவிட்டுப் போய்விடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள், கெஞ்சினாலும் தர மாட்டார்கள். நிலத்துக்குக் கரம் என்று வரி கட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள். எந்த மாதம் கட்டவேண்டும் என்று பீரோக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். நான் மறந்தாலும் நீங்கள் மறக்கக்கூடாது.

மீதிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பெயர் வந்த கையோடு ஒரு சின்ன நாடாவில் அதை அச்சடித்து வாங்கி, பாலக்காட்டுக்குப் போகிற அறுபது ஜோடியிலும் முழங்கால் பட்டியில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துத் தைத்தோம். பெரியம்மாவின் யோசனை அது. "உள்ள தைச்சா அட்டைதான் படிக்கும்" என்றார்கள். பார்சல் போயிற்று. அதற்குப் பிறகு இரண்டாவது மெஷினுக்கு வேலை குறைந்தது. பெரியம்மா பழைய தலையணைக்கு உறை தைத்தார்கள், பள்ளிக்கூடப் பைக்கு ஜிப்பு மாற்றினார்கள். ஒருநாள் என்னைப் பார்க்காமலே, "அடுத்த வாரம் எஸ்டேட்டுல தற்காலிக ஆளு எடுக்காகளாம்" என்றார்கள். "ஒரு வாரம் பொறுங்கக்கா" என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நெல்லியாம்பதிக்கு அவர்கள் போனது ஒரு சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் மெயில் வந்தது. நம் பெயருக்கு வந்த முதல் மெயில். பெரியம்மாவும் கேட்கட்டும் என்று சத்தமாகப் படித்தேன்.

'நான் இடது கால் எழுதறேன். எங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலை. ஆனா வேற எடத்துல வாங்கினவாளோடது அத்தனையும் ஒரே அளவு. பாதி தூரம் ஏறறதுக்குள்ள ஒல்லிக் காலெல்லாம் அவுந்து கணுக்காலுக்கு வந்துடுத்து. தடிக் காலெல்லாம் நாடா போறாம தொறந்து கெடந்தது. மீதியை அட்டைட்ட கேளுங்கோ. இறங்கறச்சே ஒவ்வொருத்தரும் எங்க முழங்காலைக் குனிஞ்சு பாத்துப் பேரை ஃபோன்ல எழுதிண்டா. அடுத்த மாசம் திரும்பவும் போறோம். எங்க கோஷ்டில மீதி அறுபது பேரோட அளவுக்கு நீங்க வெட்டி வெச்சேளே, அது இருக்கா, இல்லே வேற யாருக்கானும்...'

அந்த இடத்தில் பெரியம்மாவின் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. மீதியை நான் கத்தித்தான் படிக்க வேண்டியிருந்தது.